நாலாம் நம்பர் சிப்பி

எங்கள் அண்ணி இதுவரை ஐம்பதாயிரம் சிப்பிகளுக்குக் கொஞ்சம் குறைவாகத் திறந்திருக்கிறார். ஒன்றில்கூட முத்து இருந்ததில்லை. சிப்பி ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை என்று கேட்டதும் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் கண்ணை விரித்து, "முத்தெல்லாம் கெடைக்குமா?" என்பார்கள். அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வரும். "இது திங்கிற சிப்பி. உள்ள இருக்கிறது சதையும் சகதியும்தான். அதிர்ஷ்டம் இருந்தா பூச்சி இருக்கும்," என்பார். கேட்டவர் தட்டில் இருப்பதைக் கிளறிப் பார்ப்பார்.

அந்தப் பூச்சிதான் அண்ணியின் பிழைப்பு. நாங்கள் பூச்சி என்று சொன்னாலும் அது ஒரே ஒரு செல் உள்ள ஒட்டுண்ணி, கண்ணுக்குத் தெரியாது. இரண்டு நாள் தங்க வந்து இரண்டு வருஷம் தங்கிவிட்ட உறவினர் மாதிரி சிப்பியின் செவுளிலும் குடலிலும் குடியேறித் தின்று பெருகும். சிப்பி இளைத்து இளைத்து, ஓட்டை மூடக்கூடத் தெம்பில்லாமல் வாயைப் பிளந்து சாகும். அந்தச் சிப்பியைச் சாப்பிடுகிற மனிதனுக்கு ஒரு கெடுதலும் இல்லை. வளர்க்கிறவன்தான் கடன்காரனாவான்.

அண்ணி அங்கே வேலை கேட்டுப் போகவில்லை, சண்டைக்குப் போனார். என் அண்ணன் சிப்பிப் பண்ணை வைத்திருக்கிறார். கல்யாணமான இரண்டாம் வருஷம் பண்ணையில் பாதிச் சிப்பி செத்துவிட்டது. அண்ணி ஒரு வாளி நிறையச் செத்ததும் சாகப்போகிறதுமான சிப்பிகளை எடுத்துக்கொண்டு நேராக ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்து, டாக்டரின் மேஜை மேல், அவர் டீ குடித்துக்கொண்டிருந்த கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். நான் அப்போதே அங்கே ஸ்டோர் கீப்பர். எங்கே ஒளிவது என்று தெரியாமல் அலமாரிக்குப் பின்னால் நின்றேன்.

டாக்டர் மருந்து எழுதுகிற டாக்டர் இல்லை, சிப்பி நோயில் பட்டம் வாங்கியவர். அவர் எழுதும் கட்டுரைகள் எல்லாம் "இந்தக் கடற்பகுதியில் முதன்முறையாக" என்றுதான் ஆரம்பிக்கும். அதனால் அவருக்கு முதன்முறை என்று பெயர், அவருக்குத் தெரியாமல். அன்றைக்கு முதன்முறை உயிர் மிச்சமிருந்த ஒரு சிப்பியை எடுத்துக் கத்தியை வைத்து நெம்பினார். கத்தி வழுக்கியது. மறுபடி நெம்பினார். சாகப்போகிற சிப்பிகூட அவருக்குப் பயப்படவில்லை. அண்ணி கத்தியைப் பிடுங்கி, கீல் பக்கம் நுனியை விட்டு ஒரு திருகு திருகினார். ஓடு இரண்டாகப் பிரிந்தது. ஒரு நிமிஷத்தில் பத்துச் சிப்பி திறந்து வரிசையாக வைத்தார். மறு மாதம் அண்ணிக்கு அங்கே ஒரு ஸ்டூலும் ஒரு மேல்கோட்டும் கிடைத்தன.

முதல் இரண்டு வருஷம் திறந்து கொடுப்பது மட்டும்தான் வேலை. பிறகு பார்க்கவும் கற்றுக்கொண்டார். செவுளில் ஒரு துண்டு, குடலில் ஒரு துண்டு வெட்டி, ஊட்டச்சாறு நிரப்பிய குழாயில் போட்டு, ஒரு வாரம் இருட்டு அலமாரியில் வைக்க வேண்டும். பூச்சி இருந்தால் அந்த இருட்டில் ஊதிப் பெரிதாகும். பிறகு துண்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்துக் கொத்தி, ஒரு சொட்டு அயோடின் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பூச்சிகள் கருநீல உருண்டைகளாகத் தெரியும். ஒவ்வொரு பண்ணைக்கும் முப்பது சிப்பி. முப்பதில் மூன்றுவரை பூச்சி இருந்தால் எச்சரிக்கை. அதற்குமேல் ஒன்று போனாலும் பண்ணையைக் காலி செய்ய வேண்டும். அத்தனை சிப்பியையும் தூக்கி, குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்து, ஒரு வருஷம் அந்தத் தண்ணீரைச் சும்மா விட வேண்டும்.

எங்கள் விரிகுடாவில் ஆறு பண்ணைகள். அதில் ஒன்று பார்க்கிறவரின் புருஷனுடையது என்றால் மேலிடம் சும்மா இருக்குமா? ஒரு ஏற்பாடு செய்தார்கள். சிப்பி வந்ததும் பண்ணையின் பெயரை மறைத்து ஒன்று முதல் ஆறுவரை நம்பர் கொடுக்க வேண்டும். எந்த நம்பர் எந்தப் பண்ணை என்பது ஒரு பதிவேட்டில் பூட்டியிருக்கும். பார்க்கிறவருக்குத் தெரியக் கூடாது. அந்தப் பதிவேட்டின் சாவியை யாரிடம் கொடுத்தார்கள் தெரியுமா? என்னிடம். மனைவி புருஷனுக்குச் சாதகம் செய்யக் கூடாதென்று புருஷனின் தம்பியிடம் சாவியைக் கொடுத்த மூளைகளை எந்த அயோடின் விட்டுப் பார்ப்பது? ஆனால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். இருபது வருஷம் அந்தச் சாவி என் சட்டைப் பையை விட்டு நகரவில்லை. அண்ணியிடம் வாயும் விடவில்லை. எனக்கு அதில் தலைக்கனமே உண்டு.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் போன கோடை வந்தது.

அந்த மாதம் முதல் நம்பரைப் பார்த்ததும் அண்ணி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இங்க வந்து பாரு." நான் பார்த்தேன். கறுப்புக் கறுப்பாக, குட்டிக் குட்டியாக, எறும்புப் புற்றை மிதித்த மாதிரி. "முப்பதுலயும் இருக்கு. ஆனா எல்லாம் ஒரே சைசா இருக்கே. பூச்சின்னா பெருசும் சிறுசுமாத்தானே இருக்கும்?" என்றார். இரண்டாம் நம்பரும் அப்படியே. ஆறாம் நம்பர்வரை அப்படியே. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எங்கள் தொட்டியிலேயே வளர்க்கிற நோயில்லாத சிப்பியும் அப்படியே இருந்தது.

கொஞ்சம் புத்தி உள்ளவன் அங்கேயே நின்றிருப்பான். முதன்முறை நிற்கவில்லை. தொட்டிச் சிப்பியிலும் இருக்கிறதே என்று அண்ணி கேட்டதற்கு, "தொட்டிக்கும் பரவிடுச்சும்மா," என்றார். சிறிதாக இருக்கிறதே என்றதற்கு, "அப்போ இது புது இனம்," என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. புது இனம், புது நோய், விரிகுடா முழுக்க. முதன்முறையாக. அப்புறம் அண்ணியைப் பார்த்து, "கட்டுரையில உங்க பேரும் வரும்," என்றார்.

இருபது வருஷத்தில் எத்தனையோ கட்டுரைகள் போயிருக்கின்றன. கரும்பலகை துடைத்தவருக்கு நன்றி சொன்ன கட்டுரைகூட உண்டு. அண்ணியின் பெயர் எதிலும் கிடையாது. நான் அண்ணியைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் மறைக்கவும் மாட்டேன். அன்றைக்கு அண்ணி மயங்கிவிட்டார். சந்தேகத்தை விழுங்கிவிட்டு ஆறு நம்பருக்கும் முப்பதுக்கு முப்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாலையில் தன் அக்காவுக்கும், அக்கா வழியாக உலகத்துக்கும் போன் போட்டுச் சொன்னார்.

ஆறு பண்ணையையும் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. எல்லாருக்கும் ஒரே கதி என்பதால் பதிவேட்டைத் திறக்கவே இல்லை. மூன்று வாரம் தவணை. வீட்டில் அண்ணன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "உன் பேரு அச்சுல வரணும், அதுக்கு என் பண்ணை மண்ணுக்குள்ள போகணுமா?" என்றார். அண்ணி, "நானா பூச்சிய கொண்டுபோய் விட்டேன்? இருக்கிறத எழுதுனேன்," என்றார். அன்றிலிருந்து இருவரும் என் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். உப்பு வேண்டுமென்றால்கூட அடுத்த தெருவில் இருக்கும் எனக்கு போன் வரும்.

ஒரு வாரம் கழித்து, ஒரு காலையில் அண்ணிக்கு ஓட்டு விளிம்பு மணிக்கட்டில் கிழித்துவிட்டது. கையுறையைக் கழற்றி, பக்கத்தில் இருந்த அயோடினைப் பஞ்சில் தொட்டுக் காயத்தில் வைத்தார். காயத்தைச் சுற்றி இருந்த தோல் மசியைக் கொட்டின மாதிரி கருநீலமாகிவிட்டது. அண்ணி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நேராக ஸ்டோருக்கு வந்து, "தம்பி, அந்தப் பவுடர் டப்பாவ எடு," என்றார்.

கோடையில் ரப்பர் கையுறைக்குள் வியர்த்து அண்ணியின் கை புண்ணாகிவிடும். அதனால் பவுடர் போட்டுத்தான் கையுறை மாட்டுவார். எப்போதும் வாங்குகிற டப்பா அந்தத் தடவை கடையில் இல்லை. கடைக்காரர், "இது இயற்கையானது, கொழந்தைங்களுக்கே போடலாம்," என்று ஒரு புது டப்பாவைத் தலையில் கட்டினார். வாங்கி வந்த புண்ணியவான் நான்தான். அண்ணி டப்பாவைத் தலைகீழாகத் திருப்பினார். அடியில் எறும்புகள் மட்டுமே படிக்கக்கூடிய எழுத்தில் போட்டிருந்தது: மக்காச்சோள மாவு.

பழைய பவுடர் கல்லை அரைத்தது. அயோடின் அதை ஒன்றும் செய்யாது. மாவில் அயோடின் பட்டால் கறுக்கும் என்பது பள்ளிக்கூடப் பையனுக்குத் தெரியும். பவுடர் கையோடு கையுறையை மாட்டினால் வெளியிலும் மாவு ஒட்டும். அந்தக் கையோடு சதையைக் கொத்தினால் தகடெல்லாம் மாவு. அண்ணி ஒரு சிட்டிகை பவுடரைத் தகட்டில் தூவி, ஒரு சொட்டு விட்டு, என்னைப் பார்க்கச் சொன்னார். முதன்முறையின் புது இனம் அங்கே கும்பலாக உட்கார்ந்திருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. பண்ணைகள் பிழைத்ததே என்ற சிரிப்பு. அண்ணி சிரிக்கவில்லை. "நீ போ. நான் கொஞ்சம் தனியா பாக்கணும்," என்று கதவைச் சாத்திக்கொண்டார். சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. வந்ததும் கை கழுவிவிட்டு டாக்டரின் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"சார், அது பூச்சி இல்ல, மாவு. தப்பு என்னோடது. உத்தரவ நிறுத்தச் சொல்லுங்க."

முதன்முறை டப்பாவைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார், முகம் தொங்கிப்போயிற்று. ஆனால் அவரும் லேசுப்பட்டவர் இல்லை. "உத்தரவு போயாச்சும்மா. இப்போ நீங்க வந்து மாவுன்னு சொன்னா மேல என்ன சொல்வாங்க? புருஷன் பண்ணைய காப்பாத்த பொண்டாட்டி கதை கட்டுறான்னு சொல்வாங்க. உண்மைய சொல்லணும்னா, எனக்கே அப்படித்தான் தோணுது," என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டப்பாவை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். அண்ணி அசையவில்லை. "தோணட்டும் சார். அதனாலதான் சொல்றேன், நான் தொட மாட்டேன். புதுசா சிப்பி எடுங்க. அதே நம்பர் இருக்கட்டும், பதிவேடு பூட்டியே இருக்கட்டும். நீங்களே திறங்க, நீங்களே பாருங்க. கைய மட்டும் நல்லா கழுவிக்கோங்க," என்றார்.

டாக்டர் இருபது வருஷமாகச் சிப்பியைக் கட்டுரையில்தான் திறந்திருக்கிறார். நூற்றெண்பது சிப்பி. முதல் முப்பது முடிவதற்குள் அவர் விரல்களில் ஏழு கட்டு. அண்ணிக்கு உள்ளே போகத் தடை, வெளியே நடையில் ஒரு பெஞ்சு. உள்ளே கத்தி வழுக்குகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அண்ணியின் தோள் துடிக்கும். பொறுக்க முடியாமல், "கீல் பக்கமா விடுங்க சார்," என்று ஒரு தடவை குரல் கொடுத்தார். "பேசவும் கூடாதும்மா," என்றது உள்ளே இருந்து ஒரு வலி நிறைந்த குரல்.

குழாய்கள் இருட்டு அலமாரிக்குப் போயின. ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். ஊரில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. மற்ற ஐந்து பண்ணைக்காரர்களும் வாயால் நல்லது சொன்னார்கள். அந்தப் பக்கம் திரும்பி, "புருஷனுக்கு ஆபத்துன்னதும் பூச்சி மாவா மாறிடுச்சு பாத்தியா," என்று சிரித்தார்கள். அண்ணியின் அக்காவே போனில், "நல்ல வேலை பண்ணின, குடும்பம்தானே முக்கியம்," என்று பாராட்டினார். அண்ணி போனை வைத்தார்.

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. தட்டு திரும்பி வந்தது, உப்பு விஷயத்தில் என் தயவு தேவைப்படவில்லை. கூடைகளுக்குப் புதுக் கயிறு வாங்கினார். படகுக்கு வர்ணம் அடித்தார். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், "என் பொண்டாட்டி தப்ப ஒத்துக்கிட்டா. எவன் ஒத்துக்குவான்?" என்று மார்தட்டினார். அண்ணி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். மெலிந்து போயிருந்தார். பழி சொல்கிறார்களே என்ற வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். நான் ஒரு முட்டாள்.

முடிவு வந்த நாளில் டாக்டர் அறையில் ஆறு பண்ணைக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். முதன்முறை கட்டுப்போட்ட விரல்களால் தாளைப் பிடித்துக்கொண்டு படித்தார். ஒன்று, சுத்தம். இரண்டு, சுத்தம். மூன்று, சுத்தம். ஐந்து, ஆறு, சுத்தம். தொட்டிச் சிப்பியும் சுத்தம். "நாலாம் நம்பர்ல நாலு. பெருசும் சிறுசுமா இருக்கு. சந்தேகமே இல்ல, பழைய பூச்சிதான்."

பதிவேட்டைத் திறக்கச் சொன்னார். நாலாம் நம்பர் யாருடையது என்பது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்திருந்தேன். பூட்டைத் திறந்து பக்கத்தைப் புரட்டினேன். என் பேனா என் பையிலேயே இருந்தது. இரண்டு பண்ணைகளின் நம்பரை மாற்றிப் போட எவ்வளவு நேரம் ஆகும்? தலையைத் தூக்கினேன். அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனின் பெயரைப் படித்தேன்.

ஐந்து பேரும் பிழைத்த சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ள முடியாமல் தரையைப் பார்த்தார்கள். புருஷனுக்காகக் கதை கட்டியதாகச் சொன்ன வாய்கள் அத்தனையும் அடைத்துப்போயின. அண்ணன் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, நேராகத் துறைக்குப் போய்விட்டார்.

கட்டுரையும் வந்தது, சில மாதம் கழித்து. சும்மா விடுவாரா அவர்? சிப்பி நோய்ச் சோதனையில் மாவுத்தூளால் ஏற்படும் தவறு, முதன்முறையாக. அண்ணி அதில் "உதவியாளர் ஒருவர்" என்று வருகிறார். பெயர் இல்லை. அண்ணி படித்துவிட்டு, "தப்பு பண்ணினவ பேரு எதுக்கு, விடு," என்றார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

முடிவு வந்த அன்றைக்கு எல்லாரும் போன பிறகு அண்ணி ஸ்டோருக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. நாலாம் நம்பர் என்று டாக்டர் சொன்னபோது அண்ணி திடுக்கிடவே இல்லை.

"அண்ணி, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"டப்பாவ பாத்த அன்னிக்கே தெரியும். மிச்சம் இருந்த துண்டையெல்லாம் வெறுங்கையில, சுத்தமா கழுவிட்டு, மறுபடி பாத்தேன். மத்த அஞ்சு பண்ணையிலயும் ஒண்ணும் இல்ல. நாலுல நெஜமாவே இருந்துச்சு."

"அது நம்மளோடதுன்னு?"

அறிக்கை முடியும்வரை ஓடுகளை நம்பர் போட்ட தட்டில் வைத்திருப்பது எங்கள் வழக்கம். அண்ணி அந்தத் தட்டுகள் இருக்கும் பக்கம் தலையை அசைத்தார். "ஒட்டிக்கிட்டு இருக்கிற சிப்பிய கத்தி முதுகால தட்டித்தானே பிரிப்பாங்க. உன் அண்ணன் இடது கையால தட்டுவாரு. வடு மத்தவங்களுக்கு விழுற பக்கம் விழாது. மொத மாசத்துலேர்ந்தே எது அவரோடதுன்னு எனக்குத் தெரியும் தம்பி."

இருபது வருஷம் பூட்டும் சாவியுமாக நான் காத்த ரகசியம் எல்லாம் ஓட்டின் மேலேயே எழுதியிருந்திருக்கிறது. அது போகட்டும். எனக்கு உறைத்தது வேறு. அண்ணி வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆறு பண்ணையும் போயிருக்கும், ஊரோடு ஒத்த கஷ்டம் என்று அண்ணனும் ஆறியிருப்பார், அச்சில் பெயரும் வந்திருக்கும். வாயைத் திறந்தால் ஐந்து பேர் தப்பிப்பார்கள், தன் புருஷன் மட்டும் மாட்டுவார். அது தெரிந்துதான் டாக்டர் அறைக்குப் போயிருக்கிறார். அதற்குத்தான் ஊர், புருஷனுக்காகச் செய்தாள் என்று பேசியது.

"ஊரு பேசினது ஒண்ணும் இல்ல," என்றார் அண்ணி. "இத்தன நாளும் அவரு சிரிச்சிட்டே திரிஞ்சாரே, அதைத்தான் பாக்க முடியல." எழுந்தார். "நீ சொல்லிடாத. நானே போய் சொல்றேன்."

தனியாக விட மனசில்லாமல் நானும் போனேன். துறையில் அண்ணன் புது வர்ணம் அடித்த படகில் உட்கார்ந்து, தூக்கி வந்த முதல் கூடையின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அண்ணி கரையில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். துண்டுகளை மறுபடி பார்த்ததை, ஓட்டின் வடுவை, எதையும் விடவில்லை. அண்ணன் கையில் கயிறு அப்படியே நின்றது.

"அப்போ இத்தன வருஷமும் என்னோடதுன்னு தெரிஞ்சேதான் எண்ணுனியா?"

"ஆமா."

"முந்தின வருஷம் மூணுன்னு எழுதுன. நான் ராத்திரியெல்லாம் தூங்கல."

"மூணு இருந்துச்சு. நானும் தூங்கல."

அண்ணன் கூடையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். "ஒரு தடவையாவது, ஒண்ணே ஒண்ணு கொறச்சு எழுதலாம்னு உனக்குத் தோணவே இல்லையா?"

"தோணுச்சு," என்றார் அண்ணி. "ஒவ்வொரு மாசமும் தோணுச்சு."

அண்ணன் பலகையில் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்.